முதன்முதலாகப் பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விடப் போகிறவர்களுக்கு

மகளைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து, என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஹாஸ்டலுக்கு என்னென்ன வாங்கிக் கொடுத்தீங்க? அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் வாளியும் போர்வையும் கோயம்புத்தூரிலும் கிடைக்கும். அங்கே போனபின் கிடைக்காதவை வேறு. இங்கே தாலுகா ஆபீஸில் வாங்க வேண்டிய காகிதம், இங்கே பேங்கில் முடிக்க வேண்டிய வேலை. இது இரண்டும் முடிந்தபிறகு, அங்கே போய் வாய் திறந்து கேட்க வேண்டிய கேள்விகள். எங்களைப் போல வீட்டில் யாருமே காலேஜ் வாசலை மிதிக்காத குடும்பங்களுக்கு இந்தக் கேட்கிற வேலைதான் பெரும் பாடு. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார், எனக்கு வீட்டிலேயே தையல். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200 என்கிற கட்ஆஃப் கணக்கையே அவள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். 2018-க்கு முன்னால் என்றால் கவுன்சலிங்குக்குக் குடும்பத்தோடு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போது எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் ஆன்லைனிலேயே முடிகிறது. செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் முன்பு அங்கே போனவர்கள் வரிசையில் நிற்கும்போதே நாலு ஊர்க்காரர்களிடம் பேசி, விசாரித்து, கொஞ்சம் பயம் தெளிந்து திரும்பி வருவார்கள். இப்போது நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. அட்மிஷன் போட ஒரு நாள், விடுதியில் விட ஒரு நாள், அதற்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதலில் ஃபைல். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், அதோடு சேர்க்க வேண்டிய கூட்டு உறுதிமொழி, அலாட்மென்ட் ஆர்டர், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதில் முதல் பட்டதாரி சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால்தான் அது கிடைக்கும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் தம்பி தங்கைக்குக் கேட்க முடியாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு கையாக ஏறி, தாலுகா ஆபீஸில் ஒப்புதல் ஆகி வருவதற்குள் நாள் ஓடிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு போனால் ஊரே அங்கே நிற்கும். பரீட்சை முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். இன்னொன்று, அந்தச் சலுகை டியூஷன் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எதுவும் அதில் வராது. சர்டிபிகேட் இருக்கு, எல்லாம் ஃப்ரீ என்று நினைத்து வெறுங்கையோடு வந்து கவுன்ட்டரில் நின்ற ஒரு அப்பாவை என் கண்ணால் பார்த்தேன். பாவம், யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கதை வேறு. பொறியியலுக்கு அந்த ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பள்ளியில் எழுதி வாங்க வேண்டிய சான்று இருக்கிறது, தலைமை ஆசிரியர் மாறுதலில் போவதற்குள் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் பல நகல்கள் எடுங்கள். ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன்னால் ஸ்கேன் செய்து பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட் போன்ற மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது, டி.சி. மட்டும் கல்லூரியில் இருக்கும். ஏதாவது காரணத்துக்காக ஒரிஜினலை எந்தக் கல்லூரியாவது வாங்கி வைத்தால், என்னென்ன வாங்கினார்கள் என்று கையெழுத்தோடு ஒரு சீட்டு கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். பிள்ளையின் பள்ளி எமிஸ் எண்ணையும் (பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கிற அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள், உதவித்தொகைக்காகக் கல்லூரிப் பிள்ளைகளின் விவரம் பதிகிற அரசின் யுமிஸ் தளத்தில் பதியும்போது அதைக் கேட்பார்கள்.

நான் தையல்காரி என்பதால் இந்தக் காகிதங்களுக்கென்றே ஒரு பை தைத்தேன். காடா துணி, உள்பக்கம் மழைக்கோட்டு துணி, மூன்று அறை. ஒன்றில் ஒரிஜினல், ஒன்றில் நகல், ஒன்றில் ரசீது. ஒவ்வொரு அறைக்கும் வேறு நிற ஜிப். கவுன்ட்டரில் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தும்போது சிவப்பு ஜிப்பைத் திறந்தால் நகல் என்று கை தானாகப் போனது. ஆனால் அந்தப் பை என் தோளில் இல்லை, மகள் தோளில்தான் இருந்தது. ஊரிலேயே அவளை உட்கார வைத்து எது எங்கே என்று அடுக்கச் சொன்னேன். இனிமேல் பேனா பிடித்துப் படிவம் நிரப்பப் போகிறவள் அவள்தானே.

அப்புறம் பேங்க். பிள்ளையின் பெயரில் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், அரசுப் பணம் வந்து விழுவதற்கு அந்தக் கணக்கைத்தான் குறித்திருக்க வேண்டும். மகளுக்குப் பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தக் கிளையில் முதலில் சொன்னார்கள், பிறகு பார்த்தால் ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருந்தது. அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இதில் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கல்லூரியில் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு அரசு தருகிற புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று விரிவாக்கி, 2024 டிசம்பர் கடைசியில் எங்கள் மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியில்தான் தொடங்கி வைத்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், ஒவ்வொரு கல்லூரியிலும் அதைக் கவனிக்க ஒருவர் இருப்பார். அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் சிலருக்குச் சின்னத் தொகை. விடுதியில் இருக்கும் ஒரு பெண் சோப்பு, நாப்கின், ஜெராக்ஸ், ரீசார்ஜ் எதற்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம் என்றால் அது சின்னத் தொகை இல்லை.

படிவங்களில் ஒன்றை மட்டும் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், அது ராகிங் உறுதிமொழி. மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று, இருவரும் தர வேண்டும், ஒவ்வொரு வருஷமும் தர வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதுதான் சிதம்பரத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார், 1996-ல். தமிழ்நாடே கொதித்தது. மறு வருஷமே ராகிங் தடைச் சட்டம் வந்தது, அதன்பிறகு 2009-ல் நாடு முழுக்க யுஜிசி விதிமுறைகள் வந்தன. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு தாயும் தகப்பனும் இழந்த பிள்ளை இருக்கிறான். அதனால் அந்தப் படிவத்தை நானும் மகளும் வரி வரியாகப் படித்தோம். படித்து முடித்தபின் அவளிடம் சொன்னேன்: "உன்னை யாராவது செஞ்சாலும் சரி, நீ யாரையாவது செஞ்சாலும் சரி, எங்கிட்ட முதல்ல சொல்லணும். நான் திட்ட மாட்டேன்." ராகிங் புகார் சொல்வதற்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணை அவள் போனில் பதிந்தோம். வார்டன் எண், விடுதி ஆபீஸ் எண், அறைத்தோழியின் அம்மா எண் எல்லாம் என் போனிலும் இருக்கின்றன. இந்தக் கடைசி எண்ணை வாங்க மறக்கவே மறக்காதீர்கள். மகள் போன் எடுக்காத ஒரு ராத்திரியில் அந்த நாமக்கல் அம்மாதான் தன் மகளிடம் கேட்டு, தூங்கிட்டாளாம், கவலைப்படாதீங்க அக்கா என்று எனக்குச் சொன்னார்.

இனி கல்லூரி அரங்கத்தில் பெற்றோருக்கு நடந்த கூட்டம். பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அறிமுக வகுப்புகள் நடத்த வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ 2017-ல் கொண்டுவந்தது, திட்டப்படி மூன்று வாரம். தொடக்க நாளில் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும், இன்டர்னல் மார்க் என்றால் என்ன, ஒரு பாடத்தில் தோற்று அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அதைக் கவனித்துக் கேளுங்கள். பிளஸ் டூ மாதிரி வருஷக் கடைசியில் படித்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் இருந்துவிடுவார்கள், இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு செமஸ்டர், சேர்ந்த சூடு ஆறுவதற்குள் முதல் தேர்வு வந்துவிடும்.

எல்லாம் பேசி முடித்துவிட்டு, பெற்றோர்கள் ஏதாவது கேட்கலாம் என்றார்கள். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் இங்கிலீஷில் பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டார், பதில் சொன்னார்கள், மறுபடி அமைதி. எனக்குக் கேட்க வேண்டியது இருந்தது. மகள் முழங்கையால் இடித்து, "அம்மா, நீ ஒண்ணும் கேக்காத, எல்லாரும் பாக்காங்க" என்றாள். எழுந்தேன். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா யார்கிட்ட சொல்லணும்? ஆஸ்பத்திரிக்கு யாருங்க கூட்டிட்டுப் போவாங்க? எங்களுக்கு யாரு போன் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். நல்லபடியாகவே பதில் சொன்னார்கள். வார்டனை எழுப்பலாம், வண்டிக்கு ஏற்பாடு உண்டு, வீட்டுக்குத் தகவல் தருவோம் என்று நிதானமாகத் தமிழிலேயே விளக்கினார்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தர்மபுரி பக்கத்து அய்யா ஒருவர், எம் பிள்ளை தமிழ் மீடியம், வகுப்புல புரியலைன்னா என்ன பண்ணுவான் என்று கேட்டார். ஒரு அம்மா, பொண்ணு சனிக்கிழமை வெளியே போகணும்னா எங்ககிட்ட கேட்டுட்டு விடுவீங்களா என்றார். இன்னொருவர் மெஸ் பில் பற்றிக் கேட்டார். அத்தனை பேரும் இந்தக் கேள்விகளை மனசுக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான்.

நாம் வரி கட்டுகிறோம், நம் பிள்ளை மார்க் வாங்கி உள்ளே வந்திருக்கிறது. இங்கிலீஷ் தெரியாது, படிக்காதவங்க என்று நினைப்பார்கள் என்ற கூச்சத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஊருக்குத் திரும்பி, ராத்திரி எல்லாம் தூங்காமல் கிடப்பதில் என்ன லாபம்? தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரியில் தமிழில் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள்.

மெஸ் பில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பலருக்கும் இது புதிது. பல அரசுக் கல்லூரி விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம் என்பார்கள். அந்த மாதம் ஆன மளிகை, காய்கறி, கேஸ் செலவை எல்லாம் கூட்டி, சாப்பிட்டவர்களுக்குள் பிரிப்பார்கள். அதனால் மாதா மாதம் தொகை மாறும். லீவுக்கு ஊருக்கு வரும்போது முறைப்படி எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் கழிப்பார்கள், எழுதிக் கொடுக்காமல் வந்தால் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு. எத்தனை நாளுக்கு மேல் என்றால் கழிப்பார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சேரும்போது கட்டுகிற டெபாசிட் படிப்பு முடிந்ததும் திரும்ப வரும் பணம், அந்த ரசீதை நாலு வருஷமும் பத்திரமாக வைக்க வேண்டும்.

சரி, இப்போது பொருட்கள். ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியவை துணிமணி, போர்வை, தலையணை உறை, மருந்து டப்பா, நல்ல பூட்டு இரண்டு. பூட்டுக்கு மாற்றுச் சாவி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அறைத்தோழியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வாளி, கப், துடைப்பம், மெத்தை எல்லாம் அங்கே வாங்கினால் சுமக்க வேண்டாம். கொடிக்கயிறும் கிளிப்பும் கட்டாயம், மழை நாளில் துணி காயப் போட இடம் கிடைக்காது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு இதெல்லாம் பெரும்பாலான விடுதிகளில் அனுமதி இல்லை, கேட்காமல் வாங்காதீர்கள். டிராஃப்டர் (வரைபடம் போடுகிற கருவி), லேப் கோட், லேப்டாப் எதையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். துறையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தபின் வாங்கலாம். டிராஃப்டரை முதலாண்டு முடித்த சீனியர் பிள்ளைகள் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குக் கோயம்புத்தூர் காற்று புதுசு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற குளிர்ந்த காற்றும் சாரலும் ஆகஸ்ட்டிலும் இருக்கும். ஸ்வெட்டரும் குடையும் வைத்தது நல்லதாகப் போயிற்று. தின்பதற்குப் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, முறுக்கு, அப்புறம் கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு, அதைக் கொண்டுபோகாமல் எப்படி? ஒரு பாக்கெட் மகளுக்கு, மீதியெல்லாம் அந்தத் தளத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டி மிட்டாய் கொடுத்திருக்கிறாள். கூச்ச சுபாவக்காரப் பிள்ளைக்குப் பேச்சை ஆரம்பிக்க அது ஒரு சாக்கு.

வழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து வருகிற இரவு ரயில் கோவில்பட்டியில் நிற்கும், காலையில் கோவை போய்ச் சேரலாம். கல்லூரி இருப்பது தடாகம் ரோட்டில், லாலி ரோடு பக்கம். பழைய ஆட்கள் சிலர் ஹோப் காலேஜ் என்று சொல்வார்கள், அதை நம்பி பஸ் ஏறினால் அவிநாசி ரோட்டில் பீளமேட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 1945-ல் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் இந்தக் கல்லூரி அங்கேதான் தொடங்கியது. ஜி.டி. நாயுடு முன்னின்று ஆரம்பித்தது. 1950-ல் தடாகம் ரோட்டுக்கு மாறிவிட்டது, பஸ் ஸ்டாப் பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. இந்தக் கதையை ரயிலில் மகள்தான் அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆலையில் தீப்பெட்டி எண்ணுகிற மனுஷன், ஜி.டி. நாயுடு ஆரம்பிச்ச காலேஜா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

விட்டுவிட்டுத் திரும்பும்போது அழுவதைப் பற்றி ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் சாயங்காலம் வரை அறையில் உட்கார்ந்துகொண்டு இருக்காதீர்கள். கட்டிலுக்கு விரிப்பு போட்டு, அலமாரியில் துணியை அவளே அடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, மதியத்துக்குள் கிளம்பினோம். நாம் இருக்கும்வரை பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். நாம் இருக்கிறோமே என்று அறைத்தோழியின் வீட்டார் தயங்குவார்கள், அவர்கள் இருக்கிறார்களே என்று நாம் தயங்குவோம். போன் பண்ண ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்திருக்கிறோம், அவள்தான் கூப்பிடுவாள். முதல் கேள்வியாகச் சாப்பிட்டியா என்று கேளுங்கள், அடுத்து இன்னைக்கு யார்கிட்ட பேசினே என்று கேளுங்கள். இந்த இரண்டாவதற்கு வருகிற பதிலில்தான் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரியும். தொடர்ந்து சில நாள் யார்கூடவும் பேசலை என்று வந்தால் வார்டனுக்கு ஒரு போன் போடுங்கள், கிளம்பிப் போகவும் யோசிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, உடனே செய்ய வேண்டியது. ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகஸ்ட்டில் பிள்ளையை விடுதியில் விட்டால், தீபாவளிக்கு ஊருக்கு வருகிற டிக்கெட் திறக்கிற நாள் அடுத்தடுத்து வந்துவிடும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இணைத்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் காலை 8 மணிக்குப் போனோடு உட்காருங்கள், வருகிறதுக்கும் திரும்பிப் போகிறதுக்கும் இரண்டுக்குமே. கிடைக்காவிட்டால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரைக்கு வந்து மாறலாம், ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வரும்படி பிள்ளையை விட வேண்டாம்.